வன்தட்டை அடிக்கடி ஒழுங்குபடுத்த வேண்டுமா?

மாணவர்களே, அக்கரப்பத்தனையில் ஒரு தொழிலாளியின் மாதக் கொழுந்துக் கணக்கு ஐந்து கொப்பிகளில் சிதறிக் கிடந்தால், கணக்கப்பிள்ளை அதைத் தேடிக் கூட்ட நேரமெடுக்கும் அல்லவா? சுழலும் வன்தட்டிலும் கோப்புகளை அழித்தும் சேர்த்தும் வரும்போது, புதியவை துண்டுகளாகப் பதியப்படலாம். வாசிக்கும் தலை இடத்துக்கிடம் அலைவதால் வேகம் குறையும். துண்டுகளை ஒன்றுசேர்ப்பதே டிஃப்ராக்மென்ட்.

விண்டோஸ் விஸ்டா (2007) முதல் இது வழமையாக வாரமொருமுறை தானாகவே நடைபெறும். ஆகவே தினமும் செய்யத் தேவையில்லை.

எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமில்லை. அதற்கு இதனால் பயனில்லை. வீண் எழுதல்கள் ஆயுளையே குறைக்கும்.

நினைவிற் கொள்க: டிஃப்ராக்மென்ட் வேகத்துக்கே உதவும், பழுதடையும் தட்டைக் காப்பாற்றாது. தட்டில் ‘டக் டக்’ சத்தம் கேட்டால் அதைச் செய்யாதீர்கள். முதலில் உங்கள் செயற்றிட்டக் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

பயிற்சி: வன்தட்டுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் பராமரிப்பில் உள்ள வேறுபாடு ஒன்றைக் காரணத்துடன் எழுதுக.