ரயிலுக்குக் காத்திருக்கும் மூன்று பேர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் பேச்சை நம்பி 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) பார்க்க உட்கார்ந்தீர்களாம். பத்து நிமிஷமாகியும் மூன்று ரவுடிகள் ரயிலுக்குக் காத்திருந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லையாம், அணைத்துவிட்டீர்களாம். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் உங்களைப் பார்க்கவே சொன்னேன்.

இன்னொரு முறை காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருவன், முகத்தில் மொய்த்த ஈயைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து அதன் ரீங்காரத்தை ரசிக்கிறான். மூன்றாமவன் விரல்களில் நெட்டி முறிக்கிறான். எனியோ மோரிக்கோனி இசையமைத்த படம். ஆனால் இங்கே வாத்தியமே இல்லை. ரயில் கிளம்பிய பிறகுதான் ஒரு மவுத் ஆர்கன் கேட்கிறது. அப்புறம் நடக்கும் துப்பாக்கிச் சண்டை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இயக்குநர் செர்ஜியோ லியோனிக்குச் சுடுவது முக்கியமில்லை; சுடுவதற்கு முந்தைய நேரம்தான் முக்கியம். திரையில் நல்லவராகவே பார்த்துப் பழகிய நடிகர் ஹென்றி ஃபோண்டாவைக் குழந்தையைக் கொல்லும் பாதகனாக்கினார். அந்த முகத்தையும் சட்டென்று காட்டவில்லை. கேமரா முதுகுப்புறமிருந்து மெல்லச் சுற்றி வந்து, அந்த நீலக் கண்களில் நிற்கிறது. மோரிக்கோனியின் மெட்டுகள் முன்கூட்டியே தயாராகி, படப்பிடிப்பிலேயே ஒலித்தன. நடிகர்களின் நடையில் அந்த நிதானம் தெரியும்.

கதையும் காத்திருப்பின் கதைதான். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். தண்டவாளம் என்றாவது இந்தப் பக்கம் வந்தே தீரும் என்று கணக்குப் போட்டு, கிணறுள்ள வறண்ட நிலத்தை வாங்கிப்போட்டான் ஒருவன். அவன் உயிர் போவதும் அந்தத் தண்ணீருக்காகத்தான். முதல் காட்சியில் தொப்பியில் விழுந்த சொட்டு, சும்மா விழவில்லை.

பொறுமை இழந்தது நீங்கள் மட்டுமில்லை. 1969இல் அமெரிக்காவில் வெட்டிக் குறுக்கி வெளியிட்டும் படம் ஓடவில்லை. பிரான்சுதான் முழுசாகப் பார்த்துக் கொண்டாடியது.

அந்த மவுத் ஆர்கனை வாசிப்பவன் அதை ஏன் சுமந்து திரிகிறான் என்பது கடைசி மோதலில்தான் தெரியும். நான் சொல்லமாட்டேன். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பாருங்கள். பார்த்துவிட்டுத் திட்டி எழுதினாலும் சரி.

அன்புடன்,
உங்கள் நண்பன்