பெயர் சொல்லி அழைக்கும் முன்

நிரல் எழுதப் பழகும் நம் இளைஞர்களுக்கும், என்னைப்போல் ஓய்வுபெற்ற பின் பழகுவோருக்கும் பயன்படும் ஒரு விஷயம். 1995-ல் ஜப்பானியர் மட்சுமோட்டோ வெளியிட்ட ரூபி மொழியை வைத்தே சொல்கிறேன்.

நூலகத்துக்கு ஒரு நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 'தேடு' என்று தட்டினால் தேட வேண்டும். 'புதுப்பி' என்றால் தவணையைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தட் எழுதியாயிற்று. இருபது கட்டளைக்கு இருபது 'இஃப்' எழுதுவானேன்? ரூபியில் 'சென்ட்' என்று ஒரு வசதி உண்டு. தட்டிய சொல்லை அதனிடம் கொடுத்தால், அந்தப் பெயருள்ள மெத்தடை அதுவே இயக்கிவிடும். ஒரே வரிதான்.

ஆபத்தும் அந்த வரியில்தான். நாம் எழுதியவை தவிர, மொழியே கொடுத்த மெத்தடுகளும் ஒவ்வொரு பொருளிலும் இருக்கின்றன. ஒருவர் 'எக்ஸிட்' என்று தட்டினால் நிரல் நின்றுவிடும். அடுத்த சொல்லையும் சேர்த்து அனுப்பும்படி எழுதியிருந்தால் இன்னும் மோசம். 'சிஸ்டம்' என்று தட்டி, பக்கத்தில் கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் கணிப்பொறி அதையும் செய்யும். இவை 'பிரைவேட்' வகை, வெளியிலிருந்து அழைக்கக் கூடாதவை. சென்ட் அந்தத் தடையைப் பார்ப்பதே இல்லை.

ரூபி 1.9-ல் வந்த 'பப்ளிக் சென்ட்' பிரைவேட்டை மறுத்துவிடும். பலர் இதோடு திருப்தி அடைகிறார்கள். எனக்குப் போதவில்லை. 'இன்ஸ்டன்ஸ் இவால்' பப்ளிக்தான். கொடுத்த வாசகத்தை நிரலாகவே ஓட்டும். 'ரெஸ்பாண்ட் டு' மூலம் முன்கூட்டிக் கேட்டாலும் 'உண்டு' என்றே பதில் வரும். நாம் கேட்க வேண்டியது உண்டா இல்லையா என்பதல்ல, அனுமதி உண்டா என்பது.

சிக்னல் கேபினில் லீவர் கண்ணெதிரே இருக்கும். ஆனால் இன்டர்லாக்கிங் இடம் கொடுத்தால்தான் நகரும். எந்த லீவர் எப்போது நகரலாம் என்பதை முன்பே அட்டவணை போட்டு முடிவு செய்திருப்பார்கள். இங்கேயும் அதே அட்டவணை வேண்டும். ரூபியில் அதற்கு 'ஹாஷ்' இருக்கிறது. இடப்பக்கம் உறுப்பினர் தட்டும் சொல், வலப்பக்கம் நம் மெத்தடின் பெயர். சொல் அட்டவணையில் இல்லையென்றால், 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று சொல்லிவிட வேண்டியதுதான். இருந்தால், வலப்பக்கப் பெயரை மட்டும் பப்ளிக் சென்டுக்குக் கொடுங்கள். தட்டிய சொல்லை அப்படியே கொடுக்காதீர்கள்.

பைத்தானில் இதே வேலையை 'கெட்அட்டர்' செய்கிறது. அங்கே பிரைவேட் என்பது பெயருக்கு முன் கோடு போடும் வழக்கம்தான், உண்மையான தடை கிடையாது. ஆகவே அட்டவணை அங்கே இன்னும் அவசியம். ரூபிக்காரர்கள் அட்டவணையை எழுதியதும் 'ஃப்ரீஸ்' செய்துவிடுங்கள். நிரல் ஓடும்போது அதில் புதிய பெயர் நுழைய முடியாது.