திராட்சைத் தோட்டமும் பாகப்பிரிவினையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

மதுவைப் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரையா என்று ஆசிரியப் பெருமக்கள் வியக்கக்கூடும். அதுவும் உத்திரமேரூர்ப் பக்கத்து மாணவன் எழுதுவதா? மது அருந்தியவன் ஊர்ச்சபைக்குத் தகுதியற்றவன் என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் அது! ஆனால் நான் சொல்லப்போவது குடியைப் பற்றியன்று. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஓர் உழவர் குடும்பத்தைப் பற்றியதாகும்.

இத்தாலி நாட்டின் மார்க்கே பகுதியில் சாஸ்ஸோஃபெர்ராட்டோ என்றோர் ஊர். அங்கே பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர் செசாரே மொண்டாவி. 1906இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குச் சென்று இரும்புச் சுரங்கத்தில் கூலியானார். 1908இல் ஊர் திரும்பி ரோசாவை மணந்து அழைத்துச் சென்றார். அந்த அம்மையார் சுரங்கத் தொழிலாளருக்குச் சமைத்துப்போட்டு விடுதி நடத்தினார்.

இக்குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியது எது தெரியுமா? மதுவிலக்குச் சட்டம்! 1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. ஆயினும் வீட்டு உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை பழரசம் தயாரித்துக்கொள்ள இடமிருந்தது. உணவோடு ஒயின் அருந்திப் பழகிய இத்தாலியர் சும்மா இருப்பார்களா? திராட்சை வாங்கிவரச் செசாரேயைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினர். போனவருக்கு அந்த மண்ணும் வெயிலும் பிடித்துப்போயின. விரைவிலேயே குடும்பத்தோடு லோடை நகரில் குடியேறி, பழத்தை ரயிலேற்றி அனுப்பும் வியாபாரி ஆகிவிட்டார். 1937இல் சேலத்தில் தொடங்கிய நம் மதுவிலக்கைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்துவோர் இக்கிளைக்கதையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1933இல் மதுவிலக்கு நீங்கியது. 1943இல் நாப்பா பள்ளத்தாக்கில் சார்ல்ஸ் க்ரூக் என்னும் பழைய மதுச்சாலையைக் குடும்பம் 75,000 டாலருக்கு வாங்கியது. மூத்த மகன் ராபர்ட் விற்பனையைப் பார்த்தார். இளையவர் பீட்டர் தயாரிப்பைப் பார்த்தார். இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பட்டதாரிகள். வாரம் உழுத வீட்டின் பேரப்பிள்ளைகள்! வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்போன்றோர் இவ்வரியில் சற்று நின்றே மேலே செல்வோம்.

பீட்டரின் பணி வேதியியல் மாணவர் அறியத்தக்கது. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் எத்தில் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இது வெப்பம் உமிழ் வினை. தொட்டி பெரிதானால் வெப்பம் வெளியேறாமல் ஏறிக்கொண்டே போகும். 40 பாகை செல்சியஸை நெருங்கினால் ஈஸ்ட் நலிந்து வினை நின்றுவிடும். அதற்கு முன்பே எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் வாயுவோடு பறந்துவிடும். சித்திரை வெயிலில் இட்லிமாவு ஒரே இரவில் பொங்கிப் புளித்துவிடுவதையும், மார்கழியில் அதே மாவு மெல்லப் புளிப்பதையும் நம் தாய்மார் அறிவர். பீட்டர் தொட்டியைக் குளிர்வித்தார். குளிரில் வினை மெதுவாக நடந்தது. வெள்ளை ஒயினில் பழத்தின் மணம் தங்கியது. தாம் பெர்க்லியில் ஆராய்ந்த பாடத்தையே பிழைப்பாக்கினார் அவர்.

1959இல் தந்தை மறைந்தார். பிறகு நடந்தது நம் ஊரில் நடப்பதுதான். செலவைப் பற்றிய பேச்சு, மனைவிக்கு ராபர்ட் வாங்கிய விலையுயர்ந்த மேலங்கி பற்றிய குத்தல், 1965இல் கைகலப்பு. தாய் இளையவர் பக்கம் நின்றார். 52 வயதில் வெளியேற்றப்பட்ட ராபர்ட், 1966இல் ஓக்வில் என்னுமிடத்தில் தம் பெயரிலேயே மதுச்சாலை எழுப்பினார். வழக்கு நீதிமன்றம் சென்று, 1976இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று.

என் தாத்தாவின் நிலம் மூன்று பாகமாகி, எங்கள் பங்குக்கு ஏரிப்பாசனத்தில் முக்கால் காணி வந்தது. இதை எழுதும்போது அந்த வரப்புகள்தாம் கண்முன் வந்தன. ராபர்ட்டின் பங்கோ வளர்ந்துகொண்டே போயிற்று. பிறகு ஃபில்லாக்ஸீரா என்னும் வேர்ப்பூச்சி நாப்பா தோட்டங்களை அரித்தது. கொடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்யப் பெரும்பணம் வேண்டியிருந்தது. நிறுவனத்தின் ஒரு பகுதிப் பங்கு 1993இல் பங்குச் சந்தைக்குப் போயிற்று. அவருடைய மகன்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2004இல் ஒரு பெருநிறுவனம் 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பெயர்ப்பலகையில் மட்டும் ராபர்ட் மொண்டாவி எஞ்சினார்.

சிறிய அளவிலேயே நின்ற பீட்டர் 2016இல் தம் 101ஆம் வயதில் மறைந்தபோது, சார்ல்ஸ் க்ரூக் அவர் மக்கள் கையில்தான் இருந்தது. அதற்குமுன், 2005ஆம் ஆண்டு நாப்பா அறப்பணி ஏலத்துக்காக, தொண்ணூறைத் தொட்ட அண்ணனும் தம்பியும் இரு வீட்டுத் திராட்சையையும் கலந்து ஒரே ஒரு பீப்பாய் ஒயின் சேர்ந்து தயாரித்தனர்.