தங்கம் விளைந்த மலையில்

தைவான் கிழக்கு ஆசியாவில் உள்ள ஒரு தீவு. அதன் பரப்பளவு ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர். நமது பகாங் மாநிலத்தின் பரப்பளவும் ஏறக்குறைய இதேதான். தீவின் நடுவே மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான யூஷான் 3,952 மீட்டர் உயரமானது. நம் கினபாலு மலையைவிடச் சற்றே குறைவு. மலேசியாவுக்கும் தைவானுக்கும் நேர வேறுபாடு கிடையாது. விமானத்தை விட்டு இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைக்க வேண்டிய வேலையே இல்லை.

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், ரவாங்கிலிருந்து நாங்கள் ஐவர் அங்குச் சென்றோம். அப்பா, அம்மா, தம்பி ஆகியோருடன் தாத்தாவும் வந்திருந்தார்.

முதல் நாள் தலைநகர் தைப்பேயைச் சுற்றிப் பார்த்தோம். அங்கு வானளாவி நிற்கும் கட்டடம் ‘தைப்பே 101’. அதன் உயரம் 508 மீட்டர். 1998 முதல் உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெருமை 452 மீட்டர் உயரமுள்ள நமது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திற்கு இருந்தது. 2004இல் அந்தப் பெருமையைப் பெற்றுக்கொண்டது இந்தக் கட்டடம்தான். ஐந்தாவது மாடியில் மின்தூக்கியில் ஏறினோம். 37 விநாடிகளில் 89ஆவது மாடியை அடைந்துவிட்டோம்! காது மட்டும் சற்று அடைத்தது.

நகரக் காட்சியைவிட என்னைக் கவர்ந்தது கட்டடத்துக்குள் தொங்கும் ஓர் எஃகு உருண்டைதான். 660 டன் எடையுள்ள அந்த உருண்டை தடித்த எஃகுக் கம்பிகளில் தொங்குகிறது. தைவானில் நிலநடுக்கமும் சூறாவளியும் அடிக்கடி ஏற்படும். 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலத்த காற்றில் கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது, இந்த உருண்டை எதிர்த்திசையில் அசைந்து ஆட்டத்தைக் குறைக்கிறது. “விறைத்து நிற்கும் மரம் முறிந்துவிடும், வளைந்து கொடுக்கும் நாணல் தப்பித்துவிடும் என்பார்கள். அதைக் கட்டடத்திலேயே செய்துகாட்டிவிட்டார்களே!” என்று தாத்தா வியந்தார்.

இரண்டாம் நாள் வடக்குக் கடற்கரையில் உள்ள யெலியூ நிலவியல் பூங்காவுக்குச் சென்றோம். அங்குக் கடல் அலையும் காற்றும் மழையும் பாறைகளைச் சிற்பங்களாகச் செதுக்கியுள்ளன. மேலே உள்ள பாறை கடினமாகவும் கீழே உள்ளது மென்மையாகவும் இருப்பதால், கீழ்ப்பகுதி விரைவாகத் தேய்ந்து, பாறைகள் காளான் வடிவம் பெற்றுள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது ‘அரசியின் தலை’. அதன் கழுத்துப் பகுதி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து வருகிறது. இயற்கை செதுக்கியதை இயற்கையே ஒருநாள் வீழ்த்திவிடும் என்பதால், அதைக் காண மக்கள் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். பாறையைத் தொடுவதற்கு யாருக்கும் அனுமதியில்லை. கடலோரம் நெடுகச் சிவப்புக் கோடு வரைந்திருக்கிறார்கள். அதைத் தாண்டக் கூடாது. 1964ஆம் ஆண்டு கடலில் விழுந்த ஒரு மாணவரைக் காப்பாற்றக் குதித்து உயிர்நீத்த மீனவர் ஒருவருக்கு அங்கே சிலை இருக்கிறது. அதன்முன் சற்று நேரம் அமைதியாக நின்றோம்.

மூன்றாம் நாள் மலைமேல் உள்ள ஜியூஃபென் என்ற சிற்றூருக்குப் போனோம். ‘ஜியூஃபென்’ என்றால் ‘ஒன்பது பங்கு’ என்று பொருள். முற்காலத்தில் அங்கு ஒன்பது குடும்பங்களே வாழ்ந்தனவாம். பொருள் வாங்கும்போதெல்லாம் ஒன்பது பங்கு கேட்டதால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். 1890ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வேலையாட்கள் அப்பகுதி ஆற்றில் தங்கத் துகள்களைக் கண்டனர். அதன்பின் மலையெங்கும் சுரங்கங்கள் தோன்றின, சிற்றூர் பெருகியது. ஆனால் தோண்டத் தோண்டத் தங்கம் குறைந்தது. 1971ஆம் ஆண்டில் ஜியூஃபென் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர்கள் பிழைப்பைத் தேடி வெளியேறினர். 1989ஆம் ஆண்டு ‘துயர நகரம்’ என்னும் பொருள்படும் திரைப்படம் அங்குப் படமாக்கப்பட்டு வெளிவந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றதும், அந்த ஊரைப் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியது. இன்று செங்குத்தான படிக்கட்டுகளின் இருபுறமும் தேநீர்க் கடைகளும் சிவப்பு விளக்குகளும் நிறைந்துள்ளன. கூட்ட நெரிசலில் தம்பியின் கையை அம்மா விடவேயில்லை. சேப்பங்கிழங்கு உருண்டைகள் போட்ட இனிப்புக் கஞ்சியை ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கிச் சுவைத்தோம்.

அருகில் உள்ள ஜிங்குவாஷியில் பழைய சுரங்கத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள 220 கிலோகிராம் தங்கக் கட்டியைக் கண்ணாடிப் பெட்டியின் துளைவழியாகக் கைவிட்டுத் தொடலாம். தலைக்கவசம் அணிந்து சுரங்கத்துள் நுழைந்தோம். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. மேலிருந்து நீர் சொட்டியது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ் படைவீரர்கள் பலர், 1942இல் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டுச் செம்புச் சுரங்கத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். அக்காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள் என்று தாத்தா தாழ்ந்த குரலில் சொன்னார்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம், “நம் ஊரும் சுரங்க ஊர்தான். தெரியுமா, அம்மா?” என்று கேட்டார். ஈயக்குட்டைகளைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் தொடர்ந்தார். “1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கியை நிறுவினார்கள். மலாயாவின் மின்சார வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது.”

தம்புசாமி பிள்ளை என்றதும் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலும் பத்துமலையும்தான் என் நினைவுக்கு வந்தன. விக்டோரியா கல்விக்கூடம் உருவாகவும் அவர் துணைநின்றார் என்று வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால், நான் நாள்தோறும் பள்ளிக்கு நடந்து செல்லும் ஊரில் அவருடைய மின்னாக்கி இயங்கியதைத் தாத்தா சொல்லித்தான் அறிந்தேன்.

அன்றிரவு விடுதியில் நெடுநேரம் இதைப் பற்றிப் பேசினோம். தங்கம் தீர்ந்த பிறகும் ஜியூஃபென் வாழ்கிறது. அங்குள்ளவர்கள் படிக்கட்டையும் சுரங்க வாயிலையும் இடித்துத் தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை வைத்து, அங்கு உழைத்தவர்களின் கதையை எழுதியிருக்கிறார்கள். “ஊரைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கும்வரை ஊருக்கு வயது கூடுமே தவிர, மறதி வராது” என்றார் அப்பா.

நான்காம் நாள் நாடு திரும்பினோம். இவ்வாண்டு வரலாற்றுப் பாடத்தின் இடுபணிக்கு நான் தேர்ந்தெடுத்த தலைப்பு, ‘ரவாங்கின் ஈயச் சுரங்கங்கள்’. ஊரில் உள்ள முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் நினைவில் உள்ளதைக் குறிப்பெடுத்து வருகிறேன். இதுவரை நால்வரிடம் பேசியிருக்கிறேன். அவர்களுள் மூவர் எண்பது வயதைக் கடந்தவர்கள். இந்தப் பணியைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.