முறையீடும் விசாரணையும்

பாண்டியன் நெடுஞ்செழியன் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் கூறிய அளவிலே, அவன் ஆராயாது கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். கண்ணகி வந்து வழக்குரைத்த பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது. முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. சான்றை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவதே முறை. மன்னனோ தீர்ப்பை முதலிலும் சான்றைப் பின்னரும் கண்டான். குற்றஞ்சாட்டியவனே கள்வன் என்பதையும் அவன் அறிந்திலன்.

இந்நெறி அரசவைக்கு மட்டும் உரியதன்று, அங்காடிக்கும் உரியது. செம்பாக்கத்தில் வாழும் ஓர் இல்லத்தரசி குக்கர் ஒன்றை வாங்கினாள் எனக் கொள்வோம். சட்டப்படி இருத்தற்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை அதில் இல்லை. அத்தகைய குக்கர்கள் வேறு பல இல்லங்களுக்கும் சென்றுள்ளன. அவள் என் செய்யலாம்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியரிடமோ, 2020-இல் நிறுவப்பெற்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்து வாயிலாக முறையிடலாம். தமக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு வேண்டுவோர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவர். பலருக்குப் பொதுவாக விளையும் தீங்கையே மத்திய ஆணையம் ஆராயும்.

முறையீடு வந்த அளவிலே வணிகர் குற்றவாளி ஆகார். முதற்கண், முறையீட்டுக்கு அடிப்படை உண்டோ என்று ஆணையம் தொடக்க விசாரணை நடத்தும். உண்டெனத் தோன்றினால், தலைமை இயக்குநரையோ மாவட்ட ஆட்சியரையோ புலனாய்வு செய்யப் பணிக்கும். புலனாய்வில் ஏடுகளையும் பொருள்களையும் கைப்பற்றலாம்; ஆயின், அவற்றை 20 நாள்களுக்குள் உரியவரிடம் திருப்பித் தருதல் வேண்டும். தக்க காரணம் இல்லையென்று அறிந்தும் சோதனையிடும் அலுவலர், ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெற நேரிடும். ஆராய்வோர்க்கும் சட்டம் வேலியிட்டிருப்பதைக் காண்க.

எதிர்த்தரப்பினர் சொல்லைக் கேளாமல் பொருளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடுதல் கூடாது. பொய் விளம்பரத்துக்குத் தண்டம் விதிக்கும்போதும், எத்துணை மக்கள் தீங்குற்றனர், எத்துணைக் காலம் அது நிகழ்ந்தது என்பவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆணையை ஏலாதவர் 30 நாள்களுக்குள் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

2022-ஆம் ஆண்டில், தரவிதிக்கு மாறான குக்கர்கள் தம் தளங்களில் விற்க இடந்தந்த இணைய வணிக நிறுவனங்களை இவ்வாணையம் விசாரித்தது. வாங்கியோர்க்கு அறிவித்து, விலையைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. அவற்றுள் ஒரு நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடித் தன் வழக்கை எடுத்துரைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கும் வாயில் அடைபடவில்லை.

மாணவர்களே! முறையிடுவோர்க்கும் கடமை உண்டு. பற்றுச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள், கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள், கூட்டி உரையாதீர்கள். பொற்கொல்லன் சொன்னதும் ஒரு முறையீடே. கண்ணகி சொன்னதும் ஒரு முறையீடே. இரண்டனுள் மெய் எது என்று காட்டியது உடைந்த சிலம்பேயன்றோ!

வினாக்கள்
1. பாண்டியன் முறை தவறியது எவ்வாறு?
2. ஆராய்வோர்க்குச் சட்டம் இட்டுள்ள வேலிகள் யாவை?