பாடு: பழவேற்காட்டு ஏரியில் உடைமையும் வாழ்வும்

உடைமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன வீடு, மனை, நன்செய், புன்செய், தோப்பு, துரவு முதலியன. இவற்றுக்கு எல்லைக்கல் உண்டு; பட்டா உண்டு; தந்தைக்குப் பின் மகன், மகள் என்று பாகம் பிரிக்கும் வழியும் உண்டு. ஆனால் காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் நிற்கும் நீரை உடைமையாக்குவது எவ்வாறு? அந்நீரில் ஓடும் மீனை எவர் பெயரில் எழுதுவது? எளியவை போலத் தோன்றும் இவ்வினாக்களுக்குப் பள்ளிக்கூடம் காணாத முன்னோர் கண்ட விடை ஒன்று நம் தலைநகருக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இன்றும் வாழ்கிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழகத்தின் எல்லையூராக நிற்பது ஆரம்பாக்கம். அடுத்த நிலையமாகிய தடா ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. ஆரம்பாக்கத்திற்குக் கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையை அடையலாம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இதுவே. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல் தீவு அரணாகக் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரங்கள் கடல்நீரைக் கொணர்கின்றன. மழைக்காலத்தில் உப்புக் குறைந்தும் கோடையில் உப்பு மிகுந்தும் மாறிக்கொண்டேயிருக்கும் இந்நீரே இறால், மடவை, நண்டு ஆகியவற்றின் வளர்ப்புத் தொட்டில். கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் அவ்வழியே கடலுக்குத் திரும்புகின்றன. ஆதலின் ஏரியின் எல்லா இடமும் ஒரே விளைச்சல் தருவதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளே மிகு வளம் உடையவை. பின்னர்க் கூறப்படும் செய்திகள் அனைத்திற்கும் இந்த ஏற்றத்தாழ்வே அடிப்படை.

வளமான இடங்கள் சில, வலையுடையோர் பலர். வலியவன் முந்திக்கொண்டால் எளியவன் பட்டினி கிடக்க நேரும். எல்லோரும் ஒரே நாளில் ஓரிடத்தில் இறங்கினாலோ வலையோடு வலை சிக்கும், கைகலப்பும் நேரும். இச்சிக்கலைத் தீர்க்க எழுந்ததே 'பாடு' என்னும் முறை.

'படு' என்னும் வினையடி முதல் நீண்டு 'பாடு' ஆவதை இலக்கண மாணவர்கள் நன்கு அறிவர். கெடு கேடு ஆதல் போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். படுதல் என்பதற்கு விழுதல், உண்டாதல், அகப்படுதல் எனப் பல பொருள்கள் உள. வலையில் மீன் படுவதால் அன்றைய பிடிப்பு 'மீன்பாடு' ஆயிற்று. 'அவரவர் பாடு' என்னும்போது உரியதும் உழைப்பும் ஒருங்கே குறிக்கப்படுகின்றன. பழவேற்காட்டு மீனவர் வழக்கில் பாடு என்பது வலையிடும் இடத்தையும் குறிக்கும். அவ்விடத்தில் வலையிடும் முறையையும் குறிக்கும். இடம், முறை, பிடிப்பு, உழைப்பு ஆகிய நான்கையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருப்பது வியப்பிற்குரியது. இச்சொல் தமிழகத்தோடு நின்றதன்று. இலங்கையில் கரைவலை இழுக்கும் இடம் பாடு எனப்படுகிறது. பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என்றே ஓர் ஊர் உண்டு. சிங்கள மீனவரும் இச்சொல்லையே ஆளுகின்றனர்.

இனி அம்முறை இயங்கும் வகையைக் காண்போம். ஏரியின் தென்கோடியில் பழவேற்காட்டை அடுத்துள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் பாட்டு முறைக்குப் பெயர்பெற்றவர்கள். கழிகளை நட்டுக் கட்டப்படும் வலையைக் கொண்டு இறால் பிடிக்கும் தொழிலுக்கே இம்முறை சிறப்பாக உரியது. வலைத்தொழிலர் குழுக்களாகச் சேர்வர். ஊர்ப் பெரியோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி, எக்குழு எந்த இடத்தில் எப்போது வலையிடுவது என்று முடிவு செய்வர். இன்று நல்ல இடம் கிடைத்த குழு அடுத்த முறை வேறிடத்திற்கு மாறும். ஊர்களுக்கிடையிலும் முறை உண்டு. ஊருக்குள்ளும் முறை உண்டு. விதியை மீறியவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். இவ்வுரிமையை விற்கவோ, அயலாருக்கு எழுதிக் கொடுக்கவோ இயலாது. ஊரின் தலைக்கட்டாகப் பதிவு பெற்றவருக்கே அது உண்டு.

நாம் அறிந்த நிலவுடைமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும். நிலவுடைமை இடத்தைப் பற்றியது. பாடு காலத்தைப் பற்றியது. மீனவனுக்கு ஏரியில் ஒரு சாண் நீரும் சொந்தமன்று. அவனுக்குச் சொந்தமானது அவனுடைய 'முறை' மட்டுமே. அம்முறை வரும்போது மீன் படுமா என்பதை எவராலும் உறுதி கூற இயலாது. சம வாய்ப்பு மட்டுமே பகிரப்படுகிறது. சம வருவாய் அன்று.

இஸ்லாமியச் சட்டவியல் பயின்றோர்க்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. நீர், மேய்ச்சற்புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்ற நெறி. நீரில் ஓடும் மீன் பிடிக்கப்படும் வரை எவருக்கும் உடைமையன்று. பிடிக்கும் முன் அதனை விற்பதும் கூடாது என்பர் ஃபிக்ஹு நூலார். 'குர்ஆ' எனப்படும் சீட்டு முறையையும் அவர்கள் ஏற்றுள்ளனர். சமமான பங்குகளுள் எது எவருக்கு என்பதில் மனத்தாங்கல் எழாதிருக்கச் சீட்டுக் குலுக்கலாம் என்பது அவர்தம் தீர்ப்பு. மர்யம் அவர்களை வளர்க்கும் பொறுப்பு எவருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்த நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. பொருளை வைத்துச் சூதாடும் சீட்டு வேறு. உரிமையுடையோருக்குள் வரிசையைத் தீர்மானிக்கும் சீட்டு வேறு. பழவேற்காட்டுப் பட்டினவர் இந்நூல்களைக் கற்றவரல்லர். அவர்களும் ஃபிக்ஹு அறிஞர்களும் தத்தம் வழியில் சென்று ஒரே முடிவை எட்டினர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

துருக்கியின் அலான்யா என்னும் கடற்கரை ஊரிலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் உரிமையுடைய மீனவர் பட்டியலிடப்படுவர். மீன்பிடி இடங்களுக்குப் பெயர் சூட்டிச் சீட்டெடுப்பர். பின்னர் ஒவ்வொரு நாளும் ஓரிடம் கிழக்கே நகர்வர். சனவரிக்குப் பின் மேற்கே நகர்வர். இதனை எடுத்துக்காட்டியவர் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ராம். பொதுவுடைமை எதுவும் பேராசையால் அழிந்தே தீரும் என்று கேரட் ஹார்டின் 1968இல் எழுதினார். அக்கூற்றை மறுத்து 1990இல் நூல் எழுதிய இவ்வம்மையார் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் நூல் வெற்றிக் கதைகளை மட்டும் கூறவில்லை. இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்ல ஊரில் கரைவலைக்கு முறை வைத்திருந்தனர். மீன் விலை ஏற ஏற வலைகள் பெருகின. முறைகள் துண்டு துண்டாயின. ஒரு வலைக்கு முறை வருவதற்கே நெடுநாள் ஆயிற்று. முடிவில் முறை இருந்தும் பயனில்லாமற் போயிற்று. நீர்கொழும்புக் கழியிலோ கத்தோலிக்க மீனவர் சங்கங்களின் சீட்டு முறையை அரசே 1958இல் ஒழுங்குவிதியாக்கிச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. கொச்சிக் கழியிலும் ஊன்றுவலைப் பாடு சங்கங்களின் பொறுப்பில் நடைபெறுகிறது. பழவேற்காட்டுப் பாட்டிற்கு இத்தகைய சட்டக் காப்பு வாய்க்கவில்லை. அரசின் பதிவேட்டில் ஏரி என்பது அரசின் நீர்நிலை, அவ்வளவே.

பாட்டு முறையைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஊருக்குள் நிலவும் சமத்துவம் ஊரெல்லையில் நின்றுவிடுகிறது. பட்டினவரல்லாத பிற சமூகத்தார்க்குப் பாடு இல்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்படும் மக்களும் இருளரும் ஏரியை நம்பியே வாழ்கின்றனர். இருளர், அவருள்ளும் பெண்கள், மார்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதை இன்றும் காணலாம். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, முறையும் இல்லை. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை ஏற்பட்ட பின், முன்பு ஏரிப்பக்கம் வாராதவரும் வலையோடு வந்தனர். "ஏரி உங்கள் பாட்டன் சொத்தா?" என்று அவர்கள் கேட்டனர். "எங்கள் பாட்டன் பாடு" என்றனர் பட்டினவர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு என்பதே இவ்வழக்கின் கடினம். பட்டினவர் ஊரிலும் உரிமை ஆண்வழியே செல்கிறது. மீனைச் சந்தைக்குக் கொண்டு சென்று விற்றுக் குடும்பம் காக்கும் பெண் தன் பெயரில் பாடு பெறுவதில்லை. மரபு என்பதற்காகவே இதனைச் சரியென்று கொள்ள எம்மால் இயலவில்லை.

பழவேற்காட்டின் வரலாறு தொலைவான தீவுகளோடும் பிணைந்தது. 1610ஆம் ஆண்டளவில் டச்சுக்காரர் இங்குப் பண்டகசாலை நிறுவினர். 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. இங்குக் கொள்முதலான துணிகள் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளுக்குச் சென்று கிராம்பாகவும் சாதிக்காயாகவும் மாறின. துணியோடு மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1621இல் டச்சுக் கும்பினி பாண்டா தீவுகளை வென்று, அங்கு வாழ்ந்த மக்களைக் கொன்றும் விரட்டியும் நிலத்தை 68 கூறுகளாக்கித் தன் குடியேறிகளுக்கு வழங்கியது. உடைமை என்னும் கருத்து ஒரே தலைமுறையில் ஒரு நாட்டைத் துடைத்தெறிந்த கொடுமை அது.

அதே மலுக்குத் தீவுகளில் 'சாசி' என்னும் வழக்கம் உயிரோடிருப்பதும் குறிப்பிடத்தக்கது. ஹருக்கு என்னும் சிற்றூரில் 'லொம்பா' எனப்படும் சிறுமீன் ஆற்றுக்குள் புகுந்து வளரும் காலம் முழுவதும் அதனைப் பிடிப்பது தடை. 'கெவாங்' எனப்படும் ஊர்க்காவலர் இத்தடையைக் காப்பர். குறித்த நாளில் தடை நீங்கும்போது ஊரார் அனைவரும் ஒன்றாக இறங்கிப் பிடிப்பர். பாடு இடத்தையும் வரிசையையும் பகிர்கிறது. சாசி காலத்தை அடைத்துத் திறக்கிறது. 1979இல் இந்தோனேசிய அரசு நாடு முழுமைக்கும் ஒரே வகைக் கிராம ஆட்சிச் சட்டம் கொணர்ந்தபோது இத்தகைய ஊர் வழக்காறுகள் வலுவிழந்தன. 1999இன் அதிகாரப் பரவல் சட்டத்திற்குப் பின்னரே மீண்டும் சற்றுத் தலை நிமிர்ந்தன.

நம் ஏரியிலும் மேலிருந்து வந்த கோடுகள் பல. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானதும், 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டதும் வரைபடத்திற்குத் தெளிவு தந்தன, நீருக்குத் தரவில்லை. ஆரம்பாக்கத்தை ஒட்டிய குப்பத்து மீனவர்க்கும் ஆந்திர மீனவர்க்கும் இடையே எல்லைப் பூசல் பன்முறை மூண்டுள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அத்தீவின் குடிகள் அதற்காக இடம்பெயர்ந்தனர்; ஏவும் நாள்களில் மீன்பிடிக்கத் தடையும் உண்டு. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைகள் புகலிடமாயின. பூநாரைக்குப் புகலிடம் வேண்டுவதே. ஆனால் அக்கோடுகளை வரையும்போது பாட்டை எவரும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. 1990களில் கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகியபோது உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று வழங்கிய தீர்ப்பு பெருந்துணையாயிற்று. சிலிகா, பழவேற்காடு ஆகிய ஏரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று அது ஆணையிட்டது. 2014இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் ஏற்ற சிறுதொழில் மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகளும் மரபுவழி உரிமைகளை மதிக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொள்கின்றன.

இவையனைத்தினும் பெரிய இடர் முகத்துவாரம் தூர்ந்து போவது. மணல் அடைத்த ஆண்டுகளில் கடலிலிருந்து குஞ்சு வருவதில்லை. உப்பு மிகுந்து, நீர் குறைந்து, படகு தரைதட்டுகிறது. குப்பத்து மக்கள் தாமே மண்வெட்டியோடு இறங்கி வாய் வெட்டியதும் உண்டு. தூர் அகற்றி நிலையான வழி அமைத்துத் தருமாறு அவர்கள் அரசிடம் நெடுநாள் வேண்டி வந்தனர்.

தமிழ்த்துறை மாணவர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. விடுமுறையில் ஆரம்பாக்கத்திலோ பழவேற்காட்டிலோ இரண்டு நாள் தங்கலாம். பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடையும் நம் சமுதாயப் பெண்களிடமும், குப்பத்துப் பெரியவர்களிடமும், இருளர் வீடுகளிலும் அமர்ந்து கேட்கலாம். ஒவ்வொரு பாட்டிற்கும் என்ன பெயர், சீட்டு எதனால் ஆனது, முறை தவறினால் தண்டம் என்ன, கணவனை இழந்தவளின் வீட்டுக்குப் பங்கு உண்டா, நீரோட்டத்திற்கும் காற்றிற்கும் என்னென்ன சொற்கள் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். அச்சொற்களுள் பல அகராதிகளில் ஏறாதவை. கேட்டறிந்த பெரியவரின் வயதையும் ஊரையும் குறிப்பேட்டில் மறவாமல் எழுதி வருக.