கறுப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது?

அன்புள்ள கதிருக்கு,

பிளேஸ்டேஷன் 5-ஐ மானிட்டரில் மாட்டினால் படம் சாயம்போன மாதிரி வெளிறித் தெரிகிறது, விலை உயர்ந்த ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். காசைச் செலவழிக்காதே. கன்சோலும் மானிட்டரும் ஒரே எண்ணை வேறு வேறாகப் படித்துக்கொண்டிருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அங்கேதான். கேபிளில் ஓடுவது வெறும் எண்கள். கேபிள் பழுதானால் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும், படம் விட்டு விட்டு வரும், ஒரேயடியாக இருண்டும் போகும். எல்லாம் ஒழுங்காக வந்து, நிறம் மட்டும் சீராக வெளுப்பதற்குக் கேபிள் காரணமாகாது. தவிர, 4கே-வில் 120 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் கேபிள் கன்சோல் பெட்டியிலேயே வந்துவிடுகிறது.

ஒரு நிறத்தின் அளவைக் கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை எண்ணுகிறது. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெளிச்சம். டிவி உலகத்தின் கணக்கு வேறு. 1982-இல் வகுத்த டிஜிட்டல் வீடியோ தரத்தில் கறுப்பு 16-லும் வெள்ளை 235-லும் நிற்கின்றன. சிக்னல் சற்று எகிறினாலும் தாழ்ந்தாலும் வெட்டுப்படாமலிருக்க இருபுறமும் இடம் விட்டார்கள். அந்த வழக்கம் ஹெச்டிஎம்ஐ-க்கும் வந்து சேர்ந்தது. கன்சோல் டிவி கணக்கில் 16 என்று அனுப்ப, மானிட்டர் தன் கணக்கில் அதை அடர் சாம்பலாகக் காட்டுகிறது. நீ பார்க்கும் வெளிறல் அதுதான். ஒருவர் படியில் அளந்து கொடுத்ததை இன்னொருவர் லிட்டரென்று வாங்கிக்கொள்வது போல. நேர்மாறாக நடந்தால் 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். இருட்டில் நிற்பவனின் சட்டை மடிப்புகூடத் தெரியாது. சிலர் இதைப் பார்த்து “கறுப்பு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது!” என்று மகிழ்கிறார்கள். அழுத்தமல்ல அது, இழப்பு.

கன்சோலில் இந்தக் கணக்கை ‘ஆட்டோமேட்டிக்’ என்றுதானே வைத்திருக்கிறேன் என்பாய். நியாயமான கேள்வி. 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்பது டிவிக்கென வகுத்த அளவு. ஹெச்டிஎம்ஐ-யில் அந்த அளவுக்கு வழக்கமான கணக்கு 16 முதல் 235. அதை அறியாமல் வருவதையெல்லாம் 0 முதல் 255 என்று வாசிக்கும் மானிட்டரிடம் ஆட்டோமேட்டிக் தோற்றுப்போகும். ஆகவே கன்சோலின் வீடியோ அவுட்புட் பகுதியில் ஆர்ஜிபி ரேஞ்சை ‘ஃபுல்’, அதாவது 0 முதல் 255, என்று நீயே வை. மானிட்டர் மெனுவில் பிளாக் லெவல் என்றோ ஆர்ஜிபி ரேஞ்ச் என்றோ இருந்தால் அதையும் அதற்கு இணையாக்கு. பிறகு ஏதாவதொரு விளையாட்டின் பிரைட்னஸ் திரையைத் திற. மங்கலான சின்னம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போய்விட்டன. பிரைட்னஸைக் குறைத்தால் போதாதா என்றால், போதாது. பெரும்பாலான மானிட்டர்களில் அது பின்விளக்கைத்தான் தணிக்கும். சாம்பல் சாம்பலாகவே இருக்க, வெள்ளையும் கூடவே மங்கும்.

அடுத்தது ரெசல்யூஷன். 2560-க்கு 1440 பிக்சல் கொண்ட மானிட்டருக்கு 1080பி படம் போனால், வரிசையில் மூன்று பிக்சலை நான்கின் மேல் பரப்ப வேண்டியிருக்கிறது. மூன்று நான்கில் சரியாக உட்காராது, அதனால் ஓரங்கள் குழைகின்றன. பிளேஸ்டேஷன் 5 நேரடியாக 1440பி அனுப்பத் தொடங்கியது 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான். அதற்கு முந்தைய குறிப்புகளைப் படித்து முடியாதென்று விட்டுவிடாதே, மெனுவில் தேர்ந்தெடு. 2017-இல் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் டாக்கில் வைத்து மானிட்டரில் மாட்டினாலும் 1080பி-க்கு மேல் தராது. அங்கே குழைவைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் ஹெச்டிஆர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெட்டியில் டிஸ்ப்ளே ஹெச்டிஆர் 400 என்று அச்சிட்டிருப்பதன் பொருள் உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் என்பது. பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி அதற்குக் கட்டாயமில்லை. அந்த வசதி இல்லாத திரை, மூலையில் ஒரு விளக்கு எரியும் காட்சிக்காக மொத்த இருட்டையும் சாம்பலாக்கிவிடும். அப்படிப்பட்ட மானிட்டரில் ஹெச்டிஆரை அணைத்துவிடு.

கடைசியாக ஷார்ப்னஸ். மெனு எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று கிட்டத்தில் போய்ப் பார். அந்தக் கோடு விளையாட்டில் கிடையாது, மானிட்டர் போட்டது. அது மறையும்வரை ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வா.

அன்புடன்,
அண்ணன்